நிழற்குடை வாரியத்தின் கைராசி

பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று சிங்காரவேலுவுக்குத் தெரிந்த காலையில்தான், முதல் தடவையாக ஓர் ஆள் அவர் காலில் விழுந்தான்.

விழுந்தவன் அசோகன். பக்கத்து மேஜை. பட்டியலில் இருந்த பெயர் அவனுடையது. எவர்சில்வர் தட்டில் நாலு ஆப்பிள், வெற்றிலை பாக்கு, மேலே ஒரு முழம் மல்லி.

"பதினோரு மணிக்குத் தேர்வுக் குழு கூடுதுண்ணே. நீங்க பெரியவங்க. ஆசீர்வாதம் பண்ணுங்க."

சிங்காரவேலு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார். முந்தின நாள் வரை அந்தப் பிரிவில் அவர் அண்ணன்தான், பெரியவர் ஆகியிருக்கவில்லை. கீழே கிடக்கிறவனை அப்படியே விடவும் முடியாது. குனிந்து தலையில் கையை வைத்தார். "நல்லாயிருப்பா" என்றார். மத்தியானத்துக்குள் அசோகன் கண்காணிப்பாளர் ஆகிவிட்டான். பட்டியலில் ஒரே பெயர், காலியிடமும் ஒன்றே என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

மாநில நிழற்குடை வாரியம் பஸ் நிறுத்தங்களில் நிழற்குடை போடுவதற்காக ஏற்பட்டது. அடையாறில் பாலம் இறங்கியதும் இடது கைப்பக்கம் மூன்று மாடிக் கட்டடம். எதிரே பஸ் நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்கு நிழற்குடை கிடையாது. மழை பிடித்தால் ஜனங்கள் வாரியத்தின் போர்ட்டிகோவுக்கு ஓடி வருவார்கள். காவலாளி விரட்டுவார். அவர்கள் திரும்பிப் போய் நனைவார்கள்.

அந்த வாரியத்தில் கண்காணிப்பாளர் ஆவதற்கு ஒரு விதி இருந்தது. நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் பக்குவம் போதாது. ஐம்பதைத் தாண்டினால் சுறுசுறுப்பு போதாது. நடுவில் உள்ள ஐந்து வருஷம்தான் மனுஷன் பதமாக இருக்கும் காலம். சிங்காரவேலு பதமாக இருந்த ஐந்து வருஷமும் தேர்வுக் குழு கூடவில்லை. முதலில் வாரியத்துக்குத் தலைவர் இல்லை. தலைவர் வந்தார், கூட்ட அறை ஒழுகியது. ஒழுகலை அடைத்தார்கள், தேர்தல் வந்தது. எல்லாம் ஓய்ந்து குழு கூடியபோது சிங்காரவேலு ஐம்பத்துமூன்றில் இருந்தார். கடையைத் திறக்காமலே வைத்திருந்த கடைக்காரன், ஒரு நாள் ஷட்டரைத் தூக்கிப் பார்த்து, 'ஏன் அழுகினாய்?' என்று பழத்தைக் கேட்ட கதைதான்.

அவருக்கு அந்தப் பதவி எதற்கு என்றால், பெரிய ஆசை ஒன்றும் இல்லை. உதவியாளர் எதிலும் முழுக் கையெழுத்துப் போட முடியாது. பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிவிட்டு ஓரத்தில் 'சி' என்று ஓர் எழுத்துப் போடுவார். அடியில் கண்காணிப்பாளர் தன் முழுப் பெயரையும் படுக்கப் போடுவார். சிங்காரவேலு தன்னுடைய முழுக் கையெழுத்தைத் தயாராகவே வைத்திருந்தார். கடைசி எழுத்தின் வாலை முன்னால் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, அடியில் இரண்டு புள்ளி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் செய்தித்தாள் ஓரத்தில் போட்டுப் பார்ப்பார். ஒரு தடவையாவது அதை வாரியத்தின் தாளில் போட வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மயிலாப்பூரில், தெற்கு மாடவீதிப் பக்கத்துச் சந்து வீட்டில், மனைவி சொர்ணம் பையைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இத்தினி ஆப்பிளு? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குக் குடுத்தாங்க."

"உனக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றார் சிங்காரவேலு. அது உண்மையும்கூட.

ரங்கநாதன் தெருவில் காலையில் போணி பண்ணுகிற கைக்கு ஒரு மதிப்பு உண்டு. ராசியான கை முதல் காசைக் கொடுத்தால் ராத்திரி ஷட்டர் இழுக்கிறவரை வியாபாரம் ஓயாது என்பார்கள். அதே கைக்காரன் மறுநாள் கடன் சொன்னால் 'நீங்க யாரு?' என்பார்கள், அது வேறு விஷயம். கடைத்தெருவில் இதைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் நம்புவது வழக்கம். வாரியத்தில் சிரிக்கிற வழக்கம் இல்லை. அசோகனுக்கு அடுத்து இரண்டு பேர், அவர்களுக்கு அடுத்து ஒருத்தர் என்று சிங்காரவேலுவின் காலில் விழுந்தவர்கள் எல்லாருக்கும் உயர்வு வந்தது. வயது வரம்புக்குள் இருந்ததால் அவர்கள் பட்டியலில் இருந்தார்கள்; பட்டியலில் இருந்ததால் விழுந்தார்கள்; பட்டியலில் இருந்ததால் கிடைத்தது. வாரியம் இதை வேறு மாதிரி கூட்டிப் பார்த்து, ஐயாவுக்குக் கைராசி என்று முடிவுக்கு வந்தது.

அதன் பிறகு அவருக்கு ஜன்னல் ஓரத்தில் கை வைத்த நாற்காலி போட்டார்கள். கண்காணிப்பாளர்களுக்கு மட்டுமே உரிய நாற்காலி அது. 'பதவிக்காக அல்ல, வயதுக்காக' என்று நாற்காலியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. தேர்வுக் குழு கூடும் நாளில் அவருக்கு விடுப்புக் கிடையாது. வரிசையைப் பார்த்துக்கொள்ள அட்டெண்டர் கரீமுல்லாவை நிறுத்தினார்கள்.

"லைன்ல வா நைனா, லைன்ல வா. ஐயாவுக்குக் கை ஒண்ணுதான் கீது. தலைல எண்ணெ வெச்சிக்கினு வராதீங்கன்னு நேத்தே சொன்னனா இல்லியா? சாயங்காலம் வரைக்கும் ஐயா கை வழவழன்னு கீது, பேனா நிக்க மாட்டேங்குது."

பேனாவுக்கும் அதிக வேலை இல்லை. பெரியவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று அவருடைய கோப்புகளைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓர் எழுத்துப் போடுகிற வேலையும் போயிற்று. திருவான்மியூரில் புது நிழற்குடைக்கு முதல் தூண் நட்டபோது ஜீப் வைத்து அவரைக் கூட்டிப் போய்த் தூணில் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மறு மாதம் தூண் சாய்ந்தது. ஒப்பந்தக்காரர் தனியாக ஆசி வாங்காததே காரணம் என்று பொறியாளர் அறிக்கை கொடுத்தார்.

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் ஏத்தி விடறியே" என்றாள் சொர்ணம். "அந்தக் கையை எடுத்து உன் தலைல வெச்சிக்கினா இன்னா?"

சிங்காரவேலு அதையும் செய்து பார்த்தார். குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, தன் கையைத் தன் தலையில் வைத்து, "நல்லாயிரு" என்றார். கண்ணாடியில் ஒருத்தர் தலைவலி வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அடுத்த பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

அதற்குப் பிறகுதான் வழக்குப் போட்டார். வயதைக் காட்டி உயர்வு மறுக்கப்பட்ட பொது ஊழியர்களுக்கென்று ஒரு தீர்ப்பாயம் இருந்தது. தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கம், ஒரு ஜவுளிக்கடையின் தலைக்கு மேலே மூன்றாம் மாடியில். லிஃப்ட் உண்டு, ஓடாது. வழக்குப் போட வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். மாடிப்படி ஏறி வந்துவிட்டால், 'மனுதாரர் திடமாக இருக்கிறார், பாதிப்பு நிரூபணமாகவில்லை' என்று எழுதுவார்கள். ஏற முடியாவிட்டால், 'மனுதாரர் ஆஜராகவில்லை' என்று எழுதுவார்கள். சிங்காரவேலு ஏறினார். அவர் மனுவின் அடியில் முழுக் கையெழுத்து இருந்தது. ஆனால் அது அவருடைய சொந்தத் தாள். வாரியத்தின் தாள் அல்ல.

ஆயத்தின் தலைவர் பணி ஓய்வு பெற்று, அதற்கு அப்புறம் இரண்டு கமிஷன்களில் இருந்து, அவற்றிலிருந்தும் ஓய்வு பெற்று, இங்கே வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். காதில் மெஷின். வாரியத்தின் சார்பில் நிர்வாக அலுவலர் ஸ்ரீவத்சன் வந்திருந்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் கோப்பு, முகத்தில் எந்நேரமும் துக்கம் விசாரிக்க வந்தவரின் கனிவு.

"நாங்க வயசுக்கு விரோதின்னு சொல்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கு சார்" என்று ஸ்ரீவத்சன் ஆரம்பித்தார். "வயசுக்கு எங்க வாரியம் குடுக்கற மரியாதையை யாரும் குடுக்க முடியாது. இவரைத் தாண்டிண்டு போன அத்தனை பேரும் இவர் கால்ல விழுந்துட்டுத்தான் போயிருக்கா. ஒருத்தர்கூட நமஸ்காரம் பண்ணாம தாண்டினது கிடையாது. இளையவாளுக்கு இந்த மரியாதை உண்டா? கிடையாது. அவாளுக்கு வெறும் பதவிதான். அப்படிப் பார்த்தா, பாகுபாடு இவருக்குச் சாதகமான்னா நடந்திருக்கு!"

கீழே ஜவுளிக்கடை ஒலிபெருக்கியில் ஆடித் தள்ளுபடி என்று ஒரு பெண்குரல் கூவியது. தலைவர் மெஷினைத் திருகினார்.

"இன்னொண்ணு சார். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னாடி இவரே கையை வெச்சு, 'நல்லாயிரு'ன்னு வாயால சொல்லியிருக்கார். ஆட்சேபணை இருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமோன்னோ? அதனால இவர் சம்மதத்தோடதான் இவருக்கு உயர்வு மறுக்கப்பட்டிருக்கு."

தலைவர் சிங்காரவேலுவைப் பார்த்தார். "ஆசீர்வாதம் பண்ணினீங்களா?"

"கால்ல விழுந்துட்டாங்கய்யா. வேற என்ன பண்றது?"

"பண்ணினீங்களா இல்லையா?"

"பண்ணினேன்."

"எல்லாருக்கும் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்கய்யா."

தலைவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு வழக்கை ஒத்திவைத்தார். எல்லாரும் எழுந்ததும், சிங்காரவேலுவை மட்டும் அறைக்கு வரும்படி சொல்லி அனுப்பினார். உள்ளே போனால், கிழவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க எனக்கு அப்பா மாதிரி..."

"இதுக்கெல்லாம் வயசு பார்க்கக் கூடாதுப்பா" என்றார் தலைவர். "என் பதவிக் காலம் மார்ச்சோட முடியறது. நீட்டிப்புக்கு எழுதியிருக்கேன். அனுபவம் உள்ளவாளை வயசுன்னு சொல்லி ஒதுக்கிடக் கூடாதுன்னு விரிவா எழுதியிருக்கேன். கையை வை."

சிங்காரவேலு வைத்தார். நீட்டிப்பு வந்தது. ஒருவரின் கைராசியால் பதவியில் இருக்கும் தான், அதே கைக்காரரின் வழக்கை விசாரிப்பது முறையாகாது என்று தலைவர் மனசாட்சியோடு யோசித்து, வழக்கை வேறோர் உறுப்பினருக்கு மாற்றினார். அந்த உறுப்பினர் இன்னும் நியமிக்கப்படவில்லை.

மனுஷனுக்கும் ஓர் அளவு இருக்கிறது. அடுத்த தேர்வு நாளில் சிங்காரவேலு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வரிசை வராந்தா வரை நின்றது.

"ஐயா, இன்னாங்கய்யா இது, ஜனம் வெயிட் பண்ணிக்கினு கீது" என்றான் கரீமுல்லா.

"கை வரலப்பா."

அன்று குழு கூடவில்லை. மறுநாள் அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. வழக்கமாக வழங்கி வந்த ஆசியை உரிய காரணமின்றி நிறுத்தி, ஊழியர்களிடையே அமைதியின்மை விளைவித்தார் என்று இருந்தது. அதில் அசோகன் முழுக் கையெழுத்துப் போட்டிருந்தான். நல்ல கையெழுத்து அல்ல, அவசரத்தில் போட்டது.

விசாரணைக்கு ஸ்ரீவத்சனே உட்கார்ந்தார். "உங்க மேல எனக்கு எவ்வளவு பக்தின்னு உங்களுக்கே தெரியும். ஏன் நிறுத்தினேள்?"

"கை மரத்துப்போச்சு சார். வலிக்கல. ஒண்ணும் தெரியல. தலைமேல வெச்சா, தலைன்னே தெரியல."

அது பொய்யில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். காலையில் காபி டம்ளரைச் சூடு தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; சொர்ணம்தான் பிடுங்கி வைப்பாள். வாரியத்து டாக்டர் வந்து விரலில் ஊசியால் குத்திப் பார்த்து, உணர்ச்சி இல்லை என்று சான்று கொடுத்தார். ஸ்ரீவத்சன் இரண்டு நாள் கோப்பைப் படித்து உத்தரவு போட்டார். 'கை வைப்பதே இந்த ஊழியரின் பணி. கை வைப்பதை அவர் உணர வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. பணியைத் தொடரலாம்.'

தொடர்ந்தார். இப்போது சுலபமாகக்கூட இருந்தது.

பிரிவில் வரிசைக்கு வராதவள் ஒருத்திதான். மணிமொழி. சாந்தோமிலிருந்து வருகிற உதவியாளர். இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்க்கிறவள். வயது நாற்பத்தொன்பது முடியப்போகிறது. அவள் பெயர் பட்டியலில் இருந்தது, கடைசித் தடவையாக.

"ஏம்மா மணி, நீ மட்டும் வரலியே" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சிங்காரவேலுவே கேட்டார். "எல்லாம் சும்மாதான். ஆனா உனக்கு வயசு தாண்டப்போவுது. ஒரு தடவை வந்து வாங்கிக்கினு போயேன்."

மணிமொழி டிபன் டப்பாவின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கிடைக்காததை உங்ககிட்டயே வந்து எப்பிடிங்கய்யா கேக்கறது?"

இத்தனை நாளில் இத்தனை தலைகள் வந்து போய்விட்டன. இந்தக் கேள்வியை ஒரு தலையும் கேட்டதில்லை. சிங்காரவேலு எழுந்து போய்க் கையைக் கழுவினார். தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று தெரியவில்லை.

வாரியத்தின் தலைவர் நிழற்குடைகளைப் பார்வையிட சிங்கப்பூர் போயிருந்தார். அவர் திரும்பி வரட்டும் என்று குழுவைத் தள்ளி வைத்தார்கள். அங்கே நிழற்குடைகள் அதிகம் போலிருக்கிறது. பார்த்து முடிக்க நாளாயிற்று. அதற்குள் மணிமொழிக்கு ஐம்பது கடந்துவிட்டது. அவள் பெயரை அடித்தார்கள். ஆசி வாங்காததுதான் காரணம் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். கைராசியை நம்பாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் அதற்கப்புறம் நம்பினார்கள்.

அந்த வருஷம் மெட்ராஸ் சென்னை ஆனது. வாரியத்துப் பெயர்ப் பலகையில் முகவரியை மாற்ற பெயின்டர் சாரம் கட்டி ஏறினான். ஊருக்கே பெயர் மாறிவிட்டது. சிங்காரவேலு உதவியாளராகவே இருந்தார். ஆயத்திலிருந்தும் தீர்ப்பு வந்தது. புது உறுப்பினர் அனுதாபத்தோடு எழுதியிருந்தார்: மனுதாரர் இம்மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதால், அதன் பிறகு அவருக்கு உயர்வு மறுக்கப்பட வாய்ப்பில்லை, எனவே குறை தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.

சொர்ணம் தீர்ப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்து, "அப்போ ஜெயிச்சிட்டியா?" என்றாள்.

"அப்பிடித்தான் எழுதியிருக்காங்க."

கடைசி நாளன்று மாலை, சால்வை எல்லாம் முடிந்தது. ஸ்ரீவத்சன் விடுவிப்பு உத்தரவை மேஜைமேல் வைத்து, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க ஒரு கையெழுத்து. முழுசா போடணும். சுருக்கிப் போட்டா செல்லாது."

வாரியத்தின் முத்திரை பதித்த தாள். அடியில் அகலமாக இடம் விட்டிருந்தார்கள். சிங்காரவேலு பேனாவை எடுத்தார். விரல்களுக்கு நடுவில் பேனா இருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. 'சி' என்று விழுந்தது. அதற்கப்புறம் கை நகரவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

ஸ்ரீவத்சன் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லை, இருக்கட்டும். உங்களுக்காகச் செல்லும்னு நான் குறிப்பு எழுதிடறேன்."

வெளியே வந்தால் ஜன்னல் ஓரத்தில் வரிசை நின்றது. கை வைத்த நாற்காலியில் மணிமொழி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் முதுகில் அதே சீட்டு. அசோகன் ஏற்கனவே விழுந்து எழுந்து, உதவி இயக்குநர் பதவிக்கான நேர்காணலுக்குச் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். வாரியத்தில் எத்தனையோ இடங்கள் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தன. இந்த ஓர் இடம் மட்டும் ஒரு மத்தியானம்கூடக் காலியாக இருக்கவில்லை.

கரீமுல்லா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "ஐயா, பென்ஷன் பேப்பர் சீக்கிரம் மூவ் ஆவணும்னா, அம்மாகிட்ட ஒரு ஆசீர்வாதம் வாங்கிக்கினு போயிடுங்க. நீங்க இன்னாத்துக்கு லைன்ல? முன்னால வாங்க."

"இருக்கட்டும் கரீமு. வரிசைப்படியே வரேன்."

அவர் முறை வந்தது. மணிமொழி பதறி எழுந்தாள். "ஐயா, நீங்களா! வேணாங்கய்யா."

"உக்காரும்மா." சிங்காரவேலு சால்வையை ஒதுக்கிக்கொண்டு, தலை குனிந்தார். "இத்தினி வருஷத்துல இங்க என் தலைமேல ஒரு கை பட்டதில்ல. வெச்சிடு."

அவள் வைத்தாள். உடனே எடுக்கவில்லை. பின்னால் யாரோ கனைத்தார்கள். ஸ்ரீவத்சன்தான், கோப்பும் கையுமாக. அவருக்கும் ஏதோ உயர்வு வரவேண்டியிருந்தது.

மணிமொழி கையை எடுத்து, விரல்களை மடக்கி நீட்டி, இரண்டு தடவை உதறினாள்.

"காலையிலேர்ந்து கை ஒரு மாதிரியா இருக்குங்கய்யா."

"அப்படித்தாம்மா ஆரம்பிக்கும்" என்று சொல்லிவிட்டு, சிங்காரவேலு ஸ்ரீவத்சனுக்கு வழி விட்டு நகர்ந்தார்.